பத்தாவது பெரியவர்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் ஜொகூரில் இயங்கும் ஒரு நலச் சங்கத்தின் செயலாளர் போன மாதம் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். தீபாவளி மலருக்கு ஒரு சிறுகதை வேண்டுமாம்.

"கருத்துள்ள கதையா இருக்கணும் சார். ஒரு பெரியவரு. கஷ்டப்பட்டு பிள்ளைங்கள ஆளாக்குனாரு. பிள்ளைங்க சிங்கப்பூர்ல பெரிய வேலை. இவரு இங்க தனியா கெடக்குறாரு. கடைசில நம்மள மாதிரி ஒரு சங்கம் போயி கை கொடுக்குது. படிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்."

"கதைய நீங்களே சொல்லிட்டீங்களே, நான் எதுக்கு?" என்றேன்.

"தமிழ் நல்லா இருக்கணும்ல சார்."

எனக்கு ஐம்பத்தொரு வயது. இளைஞர்கள் என்னைப் பெரியவர் என்கிறார்கள், பெரியவர்கள் தம்பி என்கிறார்கள். ஆகையால் இரண்டு தரப்பும் என்னைத் தங்கள் ஆள் என்று எண்ணிக்கொண்டு மற்றத் தரப்பைப் பற்றி என்னிடம் வந்து புலம்புகின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை. இந்தப் பெருசுகளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. செயலாளரிடம் சரி என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தபோது என்னிடம் கற்பனை எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது.

முதல் தொடக்கம்: "மழை தூறிக்கொண்டிருந்தது. பெரியவர் வாசலையே பார்த்தபடி—"

[நிறுத்திவிட்டேன். எல்லாக் கதைகளிலும் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மாசாய் வரிசை வீடுகளில் வாசலைப் பார்த்தால் எதிர்வீட்டுக் காரின் பின்பக்கம்தான் தெரியும். அதை எவ்வளவு நேரம் பார்ப்பார்?]

இரண்டாவது தொடக்கம்: "கைப்பேசிக்கு அடிமையாகிவிட்ட இன்றைய இளைய தலைமுறை—"

[இது கதை அல்ல, கூட்டத்தில் மாலை போட்டுக்கொண்டு பேசுவது.]

மூன்றாவது தொடக்கம்: "தன் அப்பாவைத் தான் கைவிட்டுவிட்ட செய்தி லோஷினிக்குத் தொழிற்சாலைக் கேன்டீனில், மதியச் சாப்பாட்டின்போது தெரிய வந்தது."

இது நிற்கட்டும். இதிலிருந்து போவோம்.

2.

லோஷினிக்கு இருபத்தொன்பது வயது. பாசிர் கூடாங்கில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். மாசாயில் தாமான் எனப்படும் ஒரு குடியிருப்பில் அப்பா கனகராஜும் அவளும் இருக்கிறார்கள். அம்மா புஷ்பவள்ளி காலமான பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். கனகராஜ் எழுபது வயதுக்காரர், லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் நோய் வந்து காலில் ஒரு விரலை எடுத்த பிறகு வண்டியை விட்டுவிட்டார்.

அன்று மதியம் உடன் வேலை செய்யும் ஷாமளா எதிரில் வந்து உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினாள்.

"இது உங்கப்பாதானே லா?"

அப்பாதான். அவர்கள் வீட்டுச் சோபாவில், கைலியும் பழைய பனியனுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு பதாகையை விரித்துப் பிடித்திருந்தார்கள். 'கைவிடப்பட்ட பத்துப் பெரியவர்களுக்குத் தீபாவளிக் கூடை.' கூடையில் அரிசி, எண்ணெய், முறுக்குப் பொட்டலம். இனிப்பு நீர்க்காரருக்கு மூன்று டின் சர்க்கரைப் பாலும் இருந்தது. ஜிப்பா போட்ட ஒருவர் குனிந்து கேட்கிறார். அவர் பெயர் மகேஸ்வரன், சங்கத்தின் செயலாளர்.*

"ஐயா, பிள்ளைங்க யாரும் உங்கள பாக்குறது இல்லையா?"

"எங்க பாக்குறாங்க," என்கிறார் கனகராஜ். "அவங்கவங்களுக்கு அவங்கவங்க வேலை."

உடனே வயலின் இசை. அப்பாவின் முகம் கறுப்பு வெள்ளையாகிறது.

லோஷினி படத்தை இரண்டாம் முறை பார்த்தாள். அவள் வாங்கிப்போட்ட தொலைக்காட்சியைப் பதாகை மறைத்திருந்தது. குளிர்சாதனப் பெட்டி இருக்கும் பக்கம் கேமரா திரும்பவே இல்லை. அப்பாவின் காலில் இருந்த மருத்துவச் செருப்பு மட்டும் தப்பித் தவறிப் படத்தில் விழுந்திருந்தது. அதை வாங்க அவள் ஜொகூர் பாரு முழுக்க அலைந்திருக்கிறாள். கீழே கருத்துகள் போட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் விளங்கவே மாட்டார்கள். ஒரே மகளாம், சம்பாதிப்பதெல்லாம் முகத்துக்குப் பூசவே சரியாகிவிடும். வயதான காலத்தில் இந்தக் கதி யாருக்கும் வரக்கூடாது.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை தந்திருந்தது. இங்கே இருப்பதைவிட ஒரு படி மேலான வேலை. அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. முன்பு ஒரு முறை இதே மாதிரி வாய்ப்பு வந்தபோது அப்பாவை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்த முறை அப்பாவே போகச் சொன்னார். பக்கத்து வீட்டுச் செல்வராணியக்கா மூன்று வேளையும் சாப்பாடு கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

இப்போது அவள் போனால், அந்தப் படத்துக்கு அவளே போய்ச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். போகாவிட்டால், யாரோ வைத்த பெயருக்குப் பயந்து காலம் பூராவும் இங்கேயே கிடக்க வேண்டும். அப்பா வாயைத் திறந்து, தான் சொன்னது உண்மையில்லை என்று அதே சங்கத்துக்கு முன்னால் சொன்னால் ஒழிய இதிலிருந்து அவளுக்கு விடுதலை இல்லை.

(* எனக்குத் தொலைபேசியில் கதை சொன்னவரும் ஒரு செயலாளர்தான். இவர் அவர் அல்ல. அவர் இவர்தான் என்று அவருக்கே தோன்றினால் நான் பொறுப்பில்லை.)

3.

கனகராஜ் ஏன் அப்படிச் சொன்னார்?

[அவர் மனத்தில் ஆழமாக ஒரு தனிமை— அடித்துவிட்டேன். அவர் மனத்தில் அப்படி ஒன்றும் இல்லை.]

தாமான் முனையில் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. காலையில் அங்கே நாலைந்து பெரியவர்கள் தே ஓ என்னும் பால் சேர்க்காத தேநீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் தன் பிள்ளையைப் புகழக்கூடாது. புகழ்ந்தால் கண் பட்டுவிடும். ஆகையால் திட்ட வேண்டும். எவ்வளவு நன்றாகப் பிள்ளை இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகத் திட்ட வேண்டும். கனகராஜின் கூட்டாளி ஐயாசாமிக்கு மகன் புதுப் பல்செட் கட்டிக் கொடுத்த மறுநாள் அவர் அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "அவன் எங்க நம்மள பாக்குறான். உருப்படாத பய." மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. பல் எந்த ஊரில் கட்டியது என்று விசாரித்தார்கள்.

"மக எப்படி?" என்று கனகராஜைக் கேட்டால் அவர், "அது எங்க, அதுக்கு அதோட வேலைதான் பெருசு," என்பார். அப்படியென்றால் மகள் நேற்றுத்தான் அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போய், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்து, கால் புண்ணைக் காட்டி மருந்து வாங்கி வந்திருக்கிறாள் என்று பொருள்.

இது மகேஸ்வரனுக்குத் தெரியாதா? அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் அப்பாவும் இப்படித்தான் பேசியிருப்பார். தெரியும். ஆனால் பதாகையில் பத்து என்று அச்சடித்தாகிவிட்டது. அகப்பட்டது ஒன்பது பேர். கூடைகளுக்குப் பணம் கொடுப்பதாகச் சொன்ன முதலாளி படம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஒட்டுக்கடையில் தே தாரிக் வாங்க வந்தவர் காதில், "நம்மள யாரு பாக்குறா," என்று ஒருவர் சொல்வது விழுகிறது. பத்தாவது ஆள் கிடைத்துவிட்டார்.

அன்று காலை லோஷினி வேலைக்குப் போன பிறகு, வீடு தேடி வந்தவர்களை உட்காரச் சொன்னார் கனகராஜ். பனியனோடு இருக்கிறேனே, சட்டை போட்டுக்கொள்கிறேன் என்றார். "இப்டியே இருங்கய்யா, இதான் நல்லாருக்கு," என்றார்கள். பிறகு பழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். அவர் பழக்கமான பதிலைச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. எழுத எழுத எனக்கு எரிச்சலாக வருகிறது. ஒரு மனிதன் சட்டை போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னால் போட விட வேண்டாமா?

4.

இந்த இடத்தில் லோஷினியைக் கண்ணீரும் கம்பலையுமாக, குற்றமே இல்லாதவளாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். உங்களுக்கும் பிடித்துப்போகும். ஆனால் அவள்மேல் எனக்கும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

தொழிற்சாலைக் கேன்டீனில் அவள் உட்காரும் மேசைக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே யாரும் வீட்டுப் பெரியவர்களைப் புகழ மாட்டார்கள். அப்பா நல்லவர் என்று சொன்னால் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆகையால் திங்கட்கிழமைதோறும் லோஷினி தன் அப்பாவைப் போல நடித்துக் காட்டுவாள். கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, அதற்குக் காது கேட்காது என்பதுபோலக் கத்திக் குரல் பதிவு அனுப்புவது. யாரோ அனுப்பிய ரோஜாப் பூ வாழ்த்தை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவது. ஷாமளா மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். வேலை முடிந்து எங்கேயாவது போகக் கூப்பிட்டால் போக மனமில்லாத நாள்களில் லோஷினி, "எங்க வீட்டு பெருசு தொல்லை தாங்க முடியாது, நான் போவணும்," என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். பாதி நாள் பெருசு வீட்டில் நிம்மதியாகச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார்.

படத்தைப் பார்த்த அன்று அவள் ஷாமளாவிடம் சொன்னாள்: "இதெல்லாம் பொய் லா. நான்தானே எங்கப்பாவ பாத்துக்கிறேன்."

ஷாமளா தயங்கினாள். கெட்ட பெண் இல்லை அவள்.

"நான் நம்புறேன் லா. ஆனா நீதானே எப்பவும் சொல்லுவ, பெருசு தொல்லை, எப்படா விட்டு போவலாம்னு. சிங்கப்பூர் வேற போற. கேக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

அந்தக் கருத்துகளை எழுதியவர்கள் யாரோ. ஆனால் இதைச் சொன்னது தினமும் எதிரில் உட்கார்ந்து லோஷினியின் தட்டிலிருந்து ஊறுகாய் எடுத்துச் சாப்பிடுகிறவள். அதுதான் அவளுக்கு வலித்தது.

5.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் சண்டை. கூடை சாப்பாட்டு மேசைமேல் அவிழ்க்காமல் இருந்தது.

"அப்பா, என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"என்ன சொன்னேன்? சும்மா பேசுற மாதிரி பேசுனேன்."

"நான் உங்கள பாக்குறதே இல்லையா?"

"அப்படி சொல்வேனாம்மா? பேச்சுக்கு சொல்றது. எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாரும் சொல்றத ஒட்டுக்கடையோட வச்சிக்கணும்பா. ஊரே பாக்குது. நான் போயி வேலையில மூஞ்ச காட்ட முடியல. நீங்க அந்த மகேஸ்வரன்கிட்ட போயி, எம்மக என்னை நல்லா பாத்துக்குதுன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்."

"அத எப்படிம்மா வாயால சொல்றது. கண்ணு பட்டுரும்."

"பட்டாச்சிப்பா. இதுக்கு மேல என்ன இருக்கு படுறதுக்கு?"

"வீடு தேடி வந்து குடுத்தவங்கள போயி பொய்யாக்க சொல்றியா?"

"அப்ப நான் பொய்யாயிட்டு போறேனா?"

அவர் கூடையை மேசை ஓரமாகத் தள்ளினார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நீ மட்டும் என்னவாம். ஆபிசுல என்னை மாதிரி பேசி காட்டி சிரிக்கிறீங்களாம். அந்த பிள்ள ஷாமளா வீட்டுக்கு வந்தப்ப எங்கிட்டயே சொல்லிச்சி. அங்கிள், அப்படியே உங்கள மாதிரியே பேசுவான்னு. நான் ஒண்ணும் கேக்கலயே."

லோஷினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் சமையலறைக்குப் போய்ச் சோற்றை அவரே சூடு பண்ணினார்.

[இங்கே நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். கனகராஜை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. ஆகையால் அவருக்கு ஒரு மூத்த மகனைக் கொடுத்தேன். பெயர் குணாளன். மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவன். ஒரு நாள் ஒட்டுக்கடையில் கனகராஜ் வாய் தவறி, "எம்மவன் மாதிரி யாருக்கு வரும்," என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே பாலத்துக்குப் போகும் சாலையில் விபத்து. அன்றிலிருந்து அவர் பிள்ளைகளைப் புகழ்வதே—]

[முழுப் பக்கத்தையும் அழித்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. செயலாளருக்குக் கண் கலங்கியிருக்கும். ஆனால் ஒரு கிழவரைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு பிணம் வேண்டுமா? அவர் அப்படிப் பேசுவதற்குக் காரணம் அவருடைய கூட்டாளிகள் அப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான். அவள் கேன்டீனில் அப்படிப் பேசுவதற்கும் காரணம் அதுதான். இதற்கு மேல் இரண்டு பேருக்கும் சோகக் கதை கட்ட மாட்டேன். குணாளன் பிறக்கவே இல்லை. மன்னிக்கவும் தம்பி.]

6.

மறுநாள் லோஷினி மகேஸ்வரனைப் பார்க்கப் போனாள். தெப்ராவில் அவருக்குப் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டகம் போடும் கடை ஒன்று இருந்தது. சங்கத்து வேலையும் அங்கேதான் நடக்கும்.

"படத்த எடுத்துருங்க சார். அது உண்மை இல்ல."

"நீங்கதான் மகளா?" அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சுத்தமான உடை, கையில் காரின் சாவி. அதிலிருந்தே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் போலிருந்தது. "உக்காருங்கம்மா. கோபப்படாதீங்க. நாங்க ஒண்ணும் சேத்து சொல்லலயே. அப்பா சொன்னதத்தானே போட்டோம்."

"அவரு பேச்சுக்கு சொன்னாரு. உங்களுக்கு தெரியாதா, நம்ம ஆளுங்க எப்படி பேசுவாங்கன்னு?"

"பெரியவங்க சும்மா சொல்ல மாட்டாங்கம்மா. மனசுல இருக்கறதுதான் வாயில வரும். பாருங்க, இந்த காலத்து பிள்ளைங்க பணம் குடுத்தா போதும்னு நெனைக்கிறீங்க. பெரியவங்களுக்கு வேண்டியது பாசம்."

இந்த வாக்கியத்தை நான் பத்து மேடைகளிலாவது கேட்டிருப்பேன். சொல்கிறவர் எவரும் எதிரில் இருப்பவளிடம், நீ வீட்டில் என்ன செய்கிறாய் என்று ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மகேஸ்வரனும் கேட்கவில்லை. லோஷினியும் கத்தவில்லை. கத்தினால் வாயாடி என்று இன்னொரு பெயர் வரும்.

கடைசியில் மகேஸ்வரனே ஒரு வழி சொன்னார்.

"சனிக்கிழமை மண்டபத்துல தீபாவளி விருந்து இருக்கு. பத்து பெரியவங்களையும் மேடையில ஏத்தி பொன்னாடை போத்துறோம். அப்பாவ கூட்டிட்டு வாங்க. அவரே மைக்குல ரெண்டு வார்த்தை பேசட்டும். அவரு என்ன சொல்றாரோ அதையே போட்டுருவோம். சரிதானே?"

சரிதான் என்று அவளுக்குப் பட்டது. எனக்கும் எழுதும்போது சரியென்றுதான் பட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னாள். கனகராஜ் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். ஆனால் சனிக்கிழமை பிற்பகல் அவரே சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

7.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் வேட்டியும் பட்டுச் சேலையுமாகப் பெரியவர்கள், பின்னால் தொண்டர் சட்டை போட்ட இளைஞர்கள். பத்துப் பேரையும் வரிசையாக மேடையில் உட்கார வைத்தார்கள். லோஷினி பக்கவாட்டுச் சுவரோரம் நின்றாள். தன்னைச் சிலர் அடையாளம் கண்டு முணுமுணுப்பது அவளுக்குத் தெரிந்தது.

கனகராஜின் முறை வந்தது. மகேஸ்வரன் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். கனகராஜ் அதை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். தொண்டர் ஒருவன் வந்து அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

[அவருக்காக நான் ஒரு பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். "அன்பான சபையோரே, தலைமுறைகளுக்கு இடையே உள்ள—" என்று தொடங்கும். அவர் அதைச் சட்டை செய்யவில்லை.]

"எம்மக என்னை நல்லா பாத்துக்குது," என்றார் கனகராஜ். "கிளினிக்கு கூட்டிட்டு போறது, மருந்து, காலுக்கு செருப்பு, எல்லாம் அதுதான். சொன்னா கண்ணு பட்டுரும்னு நான் இது வரைக்கும் வெளிய சொன்னதே இல்ல. அன்னைக்கி வீட்டுல நான் சொன்னது உண்மை இல்ல."

சொல்லிவிட்டார். எழுபது வருடத்தில் முதல் தடவை. சொன்ன மறுகணமே அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தலையை இடப்பக்கம் திருப்பி, கண்ணேறு கழிய, "த்தூ, த்தூ, த்தூ," என்று மூன்று தரம் துப்பினார். எச்சில் இல்லை, சத்தம் மட்டும்தான். ஆனால் அந்தப் பக்கம், கூடைகளுக்குப் பணம் கொடுத்த முதலாளி பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். ஒலிவாங்கி திறந்தே இருந்தது. மண்டபம் முழுக்க மூன்று தரம் துப்பிய சத்தம் கேட்டது.

பின்வரிசை வெடித்துச் சிரித்தது. கைப்பேசிகள் உயர்ந்தன.

முன்வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்: "பாத்தீங்களா, பெத்த மனசு. இவ்ளோ செஞ்ச பிறகும் மகள விட்டுக் குடுக்க மாட்டேங்குறாரு." பக்கத்தில் இருந்தவள், "அங்க நிக்குது பாருங்க, அதான். சொல்லிக் குடுத்து கூட்டிட்டு வந்திருக்கும்," என்றாள்.

மகேஸ்வரன் ஒலிவாங்கியை வாங்கினார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "அன்பு உள்ளங்களே, ஒரு தகப்பனாருடைய பெருந்தன்மைய பாத்தீங்க. பிள்ளைங்க எப்படி இருந்தாலும் பெத்தவங்க மன்னிப்பாங்க. இத இளைய தலைமுறை புரிஞ்சிக்கணும்." பெரிய கைதட்டல்.

லோஷினி சுவரோரம் நின்றபடியே இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த ஒலிவாங்கியைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும்போல இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

8.

சங்கத்தின் முகநூல் பக்கத்தில் மேடைப் படம் ஏறியது. தலைப்பு: 'மன்னிக்கும் தந்தை.' வயலின் இசை அதேதான். துப்பிய இடத்தை வெட்டிவிட்டார்கள்.

இளைஞர்கள் துப்பிய இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார்கள். விடிவதற்குள் அது வாட்சாப்பில் ஸ்டிக்கர் எனும் ஒட்டுப்படமாகிவிட்டது. கனகராஜின் தலை இடப்பக்கம் திரும்பும், திரும்பும், திரும்பிக்கொண்டே இருக்கும். பிடிக்காத ஆளைப் பார்த்தால் போடலாம், ஓவர்டைம் கொடுத்தால் போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை லோஷினியின் தொழிற்சாலைக் குழுவில் யாரோ அதைப் போட்டார்கள். கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. கேன்டீனில் நடித்துக் காட்டியது போதாமல், அவளே எத்தனையோ திங்கட்கிழமைகளில் இதே குழுவில் அப்பாவின் குரல் பதிவுகளையும் போட்டுச் சிரிக்க வைத்திருக்கிறாள். சற்று நேரத்தில் ஷாமளா தனியாக எழுதினாள்: "சாரி லா, அது அங்கிள்னு தெரியாம நானும் ரெண்டு பேருக்கு அனுப்பிட்டேன்."

சொன்ன வாக்கியம் எங்கே போயிற்று? முன்வரிசைக்காரர்கள் அதைக் கண்ணீரால் அழித்தார்கள், பின்வரிசைக்காரர்கள் சிரிப்பால் அழித்தார்கள். வாழ்நாள் முழுவதும் பூட்டி வைத்திருந்ததை ஒரு மனிதர் சபையில் எடுத்து வைத்தார். ஒருவரும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு வரும் கோபத்தை எந்த வயதுக்காரர்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. எல்லார்மேலும்தான் காட்ட வேண்டும்.

லோஷினி கைப்பேசியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அதை மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அப்பாவிடம் காட்டினாள். கனகராஜ் கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். தலை திரும்புகிறது, துப்புகிறது, திரும்புகிறது.

"இதுவா நான்?"

"ஆமாப்பா."

"நிறுத்த முடியாதா?"

"முடியாதுப்பா. யாரு யாருகிட்டயோ போயிருச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைலியில் துடைத்தார். "அலமாக்," என்றார் மெதுவாக, அடடா என்பதைப் போல. "சொல்லாமயே இருந்திருக்கலாம்."

"இல்லப்பா," என்றாள் லோஷினி. "எனக்கு கேட்டுச்சி."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துத் திறந்தாள். உட்லண்ட்ஸ் நிறுவனத்தின் மின்னஞ்சல் இருந்தது. நாளைக்குள் பதில் போக வேண்டும். கனகராஜ் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன எழுதப் போற?"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் வாயத் தொறந்தது போதும்மா," என்றார். சிரித்துவிட்டார்கள் இருவரும். அந்த வீட்டில் அந்த வாரத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி அவளிடம் ஏதோ சொன்னார். அவளும் ஏதோ கேட்டாள். அவள் எழுதத் தொடங்கினாள்.

9.

முடிவு ஒன்று: அவள் போகிறாள். வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். நீங்கள், பார்த்தாயா, கடைசியில் விட்டுவிட்டுத்தானே போனாள் என்பீர்கள்.

முடிவு இரண்டு: அவள் போகவில்லை. அப்பாவோடு இருக்கிறாள். நீங்கள், இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைக்கும் என்பீர்கள். அவள் விட்டுக்கொடுத்ததை அப்பாவின் தலையில் வைத்து, அந்தக் கிழவர் அவள் காலைக் கட்டிப்போட்டுவிட்டார் என்று உங்களில் இளையவர்கள் சொல்வீர்கள்.

முடிவு மூன்று: அப்பாவையும் அழைத்துக்கொண்டு—

[இல்லை. சிங்கப்பூர் அறையில் ஒரு கட்டில்தான் போட முடியும்.]

முடிவு நான்கு: மகேஸ்வரன் மனம் திருந்தி வீட்டுக்கு வந்து— [எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.]

எந்த முடிவை எழுதினாலும் அதற்கு ஒரு கருத்து உங்கள் கையில் தயாராக இருக்கிறது. எனக்குத் தெரியும், ஏனென்றால் இதே ஊரில்தான் நானும் இருக்கிறேன். ஆகையால் அவள் என்ன எழுதினாள் என்பதை நான் எட்டிப் பார்க்கவில்லை. அது அந்த மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் விஷயம்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்களில் ஒருவர் கேட்கத்தான் போகிறார். சரி சார், அதெல்லாம் இருக்கட்டும், கடைசியில் அந்தப் பெண் அப்பாவைப் பார்த்துக்கொண்டாளா இல்லையா?

அவர் சொன்னாரே. மேடையில் ஏறி, சட்டை போட்டுக்கொண்டு, தன் வாயாலேயே சொன்னாரே. ஏழாம் பகுதியில் இருக்கிறது. நீங்களும் அந்த மண்டபத்தில்தான் இருந்தீர்கள்.